பழைய காரில் லைற் மங்கினால் எங்கே தேடுவது?

பழைய காரில் ஒரு லைற் சரியாக எரியவில்லை என்று சொன்னால் எந்தக் கராஜிலும் முதலில் கேட்பது “கரண்ட் வருதா?” என்றுதான். பல்ப் ஹோல்டரில் ஒரு டெஸ்டரை வைத்துப் பார்ப்பார்கள். வருகிறது. அப்போ பல்ப்தான் போயிருக்கும் என்று புதுப் பல்ப் போடுவார்கள். அதுவும் மங்கலாகத்தான் எரியும். அடுத்து சுவிச்சை மாற்றச் சொல்வார்கள். அதற்கும் அடுத்தது, முழு வயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்கும் யோசனை. வயரிங்காரரைக் குறை சொல்லவில்லை. கேட்ட கேள்வி அரைவாசிதான், அவ்வளவுதான் விஷயம். வந்த கரண்ட் திரும்பிப் போகவும் வேண்டும். பழைய காரில், அதுவும் திருகோணமலையில் நிற்கிற பழைய காரில், லைற் கோளாறு பெரும்பாலும் அந்தத் திரும்பும் வழியில்தான் ஒளிந்திருக்கும்.

கார் மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், ஹில்மன் போன்ற பிரித்தானியக் கார்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். அப்பப்பா காலத்திலிருந்து வீட்டு முற்றத்தில் நிற்கிற கார்கள் இப்படியானவைதானே. ஜப்பான் கார்களுக்கும் அடிப்படை இதேதான்; வயரின் நிறங்கள் மட்டும் வேறு.

கரண்ட் போய் வரும் வழி

பற்றறியில் இரண்டு முனைகள். ஒன்றிலிருந்து புறப்படும் மின்னோட்டம் வயர், பியூஸ், சுவிச் எல்லாம் கடந்து பல்புக்குள் போய், அங்கே இழையைச் சூடாக்கி, மற்ற முனைக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் இதற்கு இரண்டு வயர் இழுப்போம். காரில் ஒரு வயர்தான். திரும்புவதற்குக் காரின் தகர உடம்பையே பாவிக்கிறார்கள். பல்ப் ஹோல்டரின் உலோகக் கூடு மட்கார்டோடு இறுக்கப்பட்டிருக்கும், மட்கார்ட் பொடியோடு, அதாவது காரின் உடம்போடு, இறுக்கப்பட்டிருக்கும், பொடியிலிருந்து தடித்த பட்டி ஒன்று பற்றறிக்குப் போகும். சில லைற்றுகளுக்கு உடம்பு வரைக்கும் ஒரு கறுப்பு வயர் தனியாக இருக்கும். இந்த வழி முழுவதையும்தான் எர்த் என்கிறோம். வீட்டு எர்த் மாதிரி இது நிலத்துக்குள் போவதில்லை, காரின் தகரத்தோடு முடிந்துவிடும்.

பற்றறி கொடுக்கும் 12 வோல்ற்றும் இந்த ஒரு சுற்றுக்குள் முழுதாகச் செலவாகிவிடும். வழியில் எங்கெல்லாம் தடை இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பங்கு விழும். நல்ல காரில் கிட்டத்தட்ட முழுவதும் பல்பில் விழும், நமக்கு வெளிச்சம் கிடைக்கும். களிம்பு பிடித்த ஒரு மூட்டு நடுவில் இருந்தால் அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு எடுக்கும்? சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதியை ஒரு தடவை தூசு தட்டலாம். பிரேக் லைற்றின் 21 வாற் பல்ப் 12 வோல்ற்றில் 1.75 அம்பியர் இழுக்கும், அதன் தடை ஏறக்குறைய 7 ஓம். எர்த் போல்ற்றின் அடியில் பிடித்த துரு 1 ஓம் தடை தருகிறது என்று வையுங்கள். எட்டில் ஒரு பங்கு அங்கே போய்விடும், பல்புக்கு 10.5 வோல்ற் மிஞ்சும். பார்த்தால் சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அதே 1 ஓம் துரு இரண்டு ஹெட் லைற்றுக்கும் பொதுவான வழியில் இருந்தால் கதை வேறு. 60 வாற் ஹெட் லைற் இரண்டும் சேர்ந்து 10 அம்பியர் இழுப்பவை, இரண்டுக்கும் சேர்த்து 1.2 ஓம்தான். அப்போது துருவே ஏறக்குறைய பாதி வோல்ற்றை விழுங்கிவிடும்.

இன்னொன்று. வோல்ற் குறையும் அளவுக்கு நேராக வெளிச்சம் குறைவதில்லை, அதைவிட மோசமாகக் குறையும். இழை பல்பில் 10 சதவீத வோல்ற் போனால் ஏறக்குறைய 30 சதவீத வெளிச்சம் போய்விடும். இரவில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகிறவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அந்தக் காட்டு வழியில் யானை தார் வீதியின் நிறத்திலேயேதான் நிற்கும்.

கச்சானும் மாரியும்

இந்தக் கார்களில் லூகாஸ் கம்பெனியின் மின்சாதனங்கள்தான் இருக்கும். “இருளின் இளவரசன்” என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மொரிஸ் மைனர் 1000 வந்தது 1956இல். அதற்கு மறு ஆண்டுதான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது. அவ்வளவு பழைய செம்புக் கம்பி இன்றைக்கும் பாதியாவது வேலை செய்கிறதே!

நமது நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஒரு பக்கம் உள்துறைமுகம், மறு பக்கம் திறந்த கடல். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வரும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் எல்லாம் காய்ந்து கிடப்பதால் மூட்டுகளில் படிந்த உப்பு பெரிதாகத் தொல்லை தராது. ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கியதும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செம்பு, பித்தளை, இரும்பு என்று வேறு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அங்கே அரிப்பு வேகமாக நடக்கும். செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு, இரும்பில் துரு. அதனால்தான் ஓகஸ்டில் நன்றாக எரிந்த லைற் நவம்பரில் சண்டித்தனம் பண்ணுகிறது.

வெளியில் தெரிவதைவிட உள்ளே போவது மோசம். வயரின் ரப்பர் உறைக்குள் மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே உப்பு ஈரம் ஊறிக்கொண்டே போகும். உறையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், வராவிட்டால் அந்த வயரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் ஒற்றைக் கம்பி வயரைப் போடாதீர்கள். காரின் அதிர்வுக்கு அது கொஞ்ச நாளில் முறிந்துவிடும். பல இழை வயர் வேண்டும்: பின் லைற்றுகளுக்கு 1 சதுர மில்லிமீற்றர் போதும், ஹெட் லைற்றுக்கு 2.

முதலில் காரைச் சுற்றி ஒரு நடை

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் எல்லா லைற்றையும் போட்டுவிட்டுக் காரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எத்தனை லைற்றில் பிழை என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

எல்லாமே மங்கல் என்றால் லைற்றுகளை விட்டுவிட்டுப் பற்றறியைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் அளவு இருக்க வேண்டும். எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். வராவிட்டால் எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் டைனமோ, அதைச் சுழற்றும் பெல்ற், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டி பக்கம் போக வேண்டும். அது தனிக் கதை. 15க்கு மேல் ஏறினால் அதுவும் பிழை. அடிக்கடி பல்ப் போவதற்கு அது ஒரு காரணம். டைனமோ கார்களில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் லைற் மங்கும், வேகம் கூட்டினால் தெளியும். அது இயல்பு. மெதுவான ஓட்டத்தில் டைனமோவால் அவ்வளவு கொடுக்க முடியாது.

ஒரு லைற் மட்டும் மங்கல் என்றால் கோளாறு அந்த லைற்றுக்குப் பக்கத்தில்தான். அதன் ஹோல்டர், அதன் எர்த், அதற்கு மட்டும் போகும் வயர்.

ஒரே நேரத்தில் பிரேக் லைற், சிக்னல், வைப்பர், பெற்றோல் மீற்றர் எல்லாம் நின்றுவிட்டால் நாலும் தனித்தனியாகப் பழுதாகவில்லை. இந்த நாலும் ஒரே பியூஸிலிருந்து வருபவை. அந்தப் பியூஸின் இரண்டு பக்கத்துப் பிடிகளையும் சுத்தம் பண்ணுங்கள். பியூஸ் நன்றாக இருந்தும் பிடி களிம்பு பிடித்திருப்பது சாதாரணம்.

நிறங்களைத் தெரிந்து வைத்தால் இந்த வேலை எளிதாகும். பிரித்தானிய வயரிங்கில் பிரவுண் நிறம் பற்றறியிலிருந்து நேராக வருவது, அதற்குப் பியூஸ் கிடையாது. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறும். பச்சை அதே வெள்ளை பியூஸைக் கடந்த பிறகு. சிவப்பு பார்க் லைற்றுக்கும் பின் லைற்றுக்கும். நீலம் ஹெட் லைற்: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைற். கறுப்பு எப்போதும் எர்த். பழைய துணி உறை வயர்களில் நிறம் மங்கி எல்லாம் ஒரே மண்ணிறமாகத் தெரியும். சுற்றியிருக்கும் டேப்பை ஓரிடத்தில் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் நிறம் தப்பியிருக்கும்.

மீற்றர் காட்டும் 12

தொடக்கக்காரர் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரின் நடு முனையில் மீற்றரை வைத்தால் 12 வோல்ற் காட்டுகிறது. பல்பைப் போட்டால் எரியவில்லை. மீற்றர் பொய் சொல்கிறதா? இல்லை. மீற்றர் கிட்டத்தட்ட மின்னோட்டமே இழுக்காது. ஓட்டம் இல்லாவிட்டால் தடையில் வோல்ற் விழாது. நடுவில் இருக்கும் களிம்பு மூட்டு 1 ஓமாக இருந்தாலும் சரி, 100 ஓமாக இருந்தாலும் சரி, மீற்றருக்கு 12தான் தெரியும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்துப் பார்த்தால் உள்ளே பாசி அடைத்திருப்பது தெரியாது, அமுக்கம் முழுதாகவே இருக்கும். விரலை எடுத்துத் தண்ணீரை ஓடவிட்டால்தான் அடைப்பு தெரியும்.

ஆகவே ஒரே விதி: அளக்கும்போது பல்ப் இருக்க வேண்டும், லைற் போட்டிருக்க வேண்டும், கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மீற்றர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய 21 வாற் பல்ப் ஒன்று, அதற்கு ஒரு ஹோல்டர், இரண்டு நீள வயர், முனைகளில் முதலைக் கிளிப். இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது. இந்தப் பல்ப் 1.75 அம்பியரை நிஜமாக இழுத்துப் பார்க்கிறது. களிம்பு மூட்டுக்குப் பிறகு இதை மாட்டினால் மங்கும், மூட்டுக்கு முன்னால் மாட்டினால் பளிச்சென்று எரியும். கடையில் விற்கிற நியோன் டெஸ்டர் வீட்டு 230 வோல்ற்றுக்கானது, காருக்கு உதவாது. சின்ன எல்ஈடி வைத்த கார் டெஸ்டர்களும் மீற்றரைப் போலத்தான், மிகக் குறைந்த ஓட்டத்திலேயே எரிந்துவிடும்.

மீற்றர் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்யலாம். லைற்றைப் போட்டபடி முதலில் பற்றறியின் இரண்டு முனைகளையும் அளந்து எழுதுங்கள், 12.2 என்று வைப்போம். அடுத்து பல்பின் இரண்டு தொடுமுனைகளுக்கும் நடுவில் அளந்து பாருங்கள், 9.8. ஆக 2.4 வோல்ற் எங்கேயோ தொலைகிறது. மீற்றரின் ஒரு முனையை எர்த் பண்ணாத பற்றறி முனையிலும் மற்றதைப் பல்புக்குப் போகும் வயரின் கடைசியிலும் வையுங்கள். 0.6 காட்டினால் போகும் வழியில் அவ்வளவு விழுகிறது. பிறகு ஒரு முனையைப் பல்ப் ஹோல்டரின் கூட்டிலும் மற்றதைப் பற்றறியின் எர்த் முனையிலும் வையுங்கள். 1.8. கூட்டினால் 2.4, கணக்கு சரி. திருடன் எர்த் பக்கம். இனி மீற்றரின் ஒரு முனையை எர்த் முனையிலேயே விட்டுவிட்டு, மற்றதை ஹோல்டர் கூடு, லைற்றின் அடித்தகடு, மட்கார்ட், பொடி என்று ஒவ்வொன்றாகப் பற்றறியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் 1.8 திடீரென்று சுருங்குகிறதோ அந்த மூட்டுத்தான். ஸ்பானரை அங்கே போடலாம்.

எந்தப் பக்கத்திலும் அரை வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் தேடிப் பார்க்கத் தகுந்தது. அதற்குக் கீழே என்றால் அறுபது வயதுக் காருக்கு அது ஆரோக்கியம்தான்.

எர்த் பிழையின் கூத்துகள்

எர்த் முழுதாக அறுந்தால் கரண்ட் பேசாமல் நின்றுவிடாது. வேறு வழி தேடும். பழைய கார்களின் விசித்திரமான லைற் கோளாறுகள் பலவற்றுக்கு இதுதான் விளக்கம்.

பின் லைற்றில் இருக்கும் பல்பை எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். 5 வாற் இழை இரவு லைற்றுக்கு, 21 வாற் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான், பல்பின் பித்தளைக் கூடு. அந்தக் கூட்டின் எர்த் போய்விட்டது என்று வையுங்கள். பகலில் பிரேக்கை மிதிக்கிறீர்கள். 21 வாற் இழை வழியாக வந்த கரண்டுக்குக் கூட்டிலிருந்து வெளியேற வழியில்லை. அது 5 வாற் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, சிவப்பு வயரில் ஏறி, முன் பார்க் லைற்றுகள் வரை போய், அங்கே நல்ல எர்த்தைக் கண்டு இறங்கிவிடும். பின்னால் பிரேக் வெளிச்சத்துக்குப் பதில் மங்கலான சிவப்பு. முன்னால் யாரும் போடாத பார்க் லைற் கண் சிமிட்டப் பார்க்கும். இரவில் பார்க் லைற் போட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் இன்னும் வேடிக்கை: வெளிச்சம் கூடுவதற்குப் பதில் குறையும். சிக்னலும் அதே கூட்டில் இருந்தால், சிக்னல் போட்டதும் பின் லைற் அதன் தாளத்துக்கு மங்கி மங்கி எரியும்.

இந்த மாதிரி ஒன்றைப் போட்டால் இன்னொன்று ஆடுகிற எந்தக் கோளாறுக்கும் முதல் சந்தேகம் எர்த். சுவிச்சையோ வயர் கட்டையோ தொடாதீர்கள்.

பார்க்கும் வழியும் மிக எளிது. நீளமான வயர் ஒன்றின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையில் கிளிப் போடுங்கள். மற்ற முனையை அந்த லைற்றின் உலோகக் கூட்டில், பெயின்ற் இல்லாத இடத்தில் தொடுங்கள். லைற் பளிச்சென்று வந்தால் வேலை பாதி முடிந்தது. இந்த வயரின் நடுவில் 10 அம்பியர் பியூஸ் ஒன்று போட்டு வைத்தால் நல்லது. தவறி எங்காவது உயிருள்ள இடத்தில் பட்டாலும் பியூஸோடு போய்விடும்.

பிழை எர்த் என்று தெரிந்த பிறகு போல்ற்றைக் கழற்றி, அடியில் இருக்கும் தகரத்தை வெறும் உலோகம் தெரியும் வரை சான்ட் பேப்பரால் தேய்த்து, வாசரையும் வயர் முனையையும் அதே மாதிரித் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலீன் பூசுங்கள். முதலில் இறுக்குவது, பிறகு பூசுவது. வாசலீன் கரண்டைக் கடத்தாது, காற்றையும் உப்பையும் வெளியே வைக்கும், அதன் வேலை அவ்வளவுதான்.

டிங்கரிங், பெயின்ற் எல்லாம் முடித்துப் புது மணப்பெண் மாதிரி வந்த காரில் லைற்றுகள் முன்பைவிட மோசமாக எரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பெயின்ற் நல்ல காவலி, கரண்டை விடாது. மட்கார்டின் உள் விளிம்பு, போல்ற் துளைகள், லைற்றின் அடி எல்லாம் தடிப்பாகப் பெயின்ற் ஏறியிருக்கும். முன்பு துருவின் நடுவேயாவது தகரம் தகரத்தைத் தொட்டது, இப்போது அதுவும் இல்லை. நான் என்றால் நான்கு மூலை லைற்றுக்கும் பொடி வரைக்கும் தனியாகக் கறுப்பு வயர் இழுத்துவிடுவேன். பழமை கெட்டுவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். மட்கார்டுக்குள் ஓடும் கறுப்பு வயரை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்!

ஹெட் லைற்

ஹெட் லைற் வழியில் கரண்ட் அதிகம், மூட்டுகளும் அதிகம். பற்றறி, பிரவுண் வயர், சுவிச், நீல வயர், காலால் அமத்தும் டிம் சுவிச், முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் மூட்டுகள் (வயர் முனையின் பித்தளைக் குண்டை ரப்பர் உறைப் பிடிக்குள் செருகும் இணைப்புகள்), பல்ப், பிறகு எர்த். ஒவ்வொன்றிலும் கால் வோல்ற் விழுந்தாலே மொத்தத்தில் பெரிய ஓட்டை.

ஹை பீம் எரிகிறது, டிம் எரியவில்லை, அல்லது மறுபுறம் என்றால் டிம் சுவிச்சைப் பாருங்கள். கால் வைக்கும் தரையில் இருப்பதால் செருப்போடு வரும் கடற்கரை மணலும் மழைத் தண்ணீரும் நேராக அங்கேதான் போகும். புல்லட் மூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து, பித்தளைக் குண்டைத் தேய்த்து, ரப்பருக்குள் இருக்கும் பிடி தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். விலை மலிவான சாமான்தான்.

10 அம்பியர் ஓடும் சுவிச்சில் 1 வோல்ற் விழுந்தால் அங்கே 10 வாற் சூடாக மாறுகிறது. லைற் போட்டுப் பத்து நிமிடத்துக்குப் பிறகு சுவிச்சைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் அது உங்கள் ஹெட் லைற்றின் வெளிச்சம்தான். இதற்கு ரிலே நல்ல மருந்து. சின்ன ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் சுவிச் அது. ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. பற்றறியிலிருந்து தடித்த வயரைப் பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவந்து, 87இலிருந்து லைற்றுக்குக் கொடுக்க வேண்டும். ரிலேயின் சுருள் 85, 86 முனைகளில் இருக்கிறது: பழைய நீல-வெள்ளை வயரை ஹை பீம் ரிலேயின் 86க்கும் நீல-சிவப்பு வயரை டிம் ரிலேயின் 86க்கும் கொடுத்து, இரண்டு 85ஐயும் எர்த் பண்ணினால் போதும். ஹெட் லைற்றுக்காகச் சுவிச்சில் இனி மிகக் குறைந்த ஓட்டமே போகும். இன்னொரு லாபமும் உண்டு: மொரிஸ் மைனர் போன்ற கார்களில் ஹெட் லைற்றுக்குக் கம்பெனி பியூஸே வைக்கவில்லை. ரிலே போடும்போது அந்தக் குறையும் தீரும்.

பியூஸ் அடிக்கடி போனால்

இது நேர்மாறான கோளாறு. மங்குவது வழியில் தடை கூடியதால். பியூஸ் போவது தடையே இல்லாத குறுக்கு வழி ஒன்று திறந்ததால், எங்கேயோ வயர் உரிந்து தகரத்தில் தொடுகிறது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

பியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு பிடிகளுக்கும் நடுவில் முன்பு சொன்ன 21 வாற் பல்பை மாட்டுங்கள். சாவியைப் போட்டு, அந்தப் பியூஸில் ஓடுபவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். டெஸ்ட் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும் நேரத்தில் குறுக்குத் தொடுப்பு இருக்கிறது. அப்படியே விட்டு, வயர்களை ஆட்டியும் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் பாருங்கள். பல்ப் சட்டென்று மங்கும் இடத்தில் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பூட் மூடியின் பிணைச்சல் பக்கம், தகரத் துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் காய்ந்து விழுந்திருப்பது, ஹெட் லைற் கிண்ணத்தின் பின்புறம், இவை மூன்றையும் முதலில் பாருங்கள்.

பிரேக் லைற்றுக்கு ஒரு சின்னக் குறிப்பு. மைனரில் பிரேக் லைற் சுவிச் பிரேக் ஒயில் குழாயில் இருக்கிறது, ஒயிலின் அமுக்கத்தால் வேலை செய்கிறது. பழசானால் காலை ஊன்றி மிதித்தால்தான் லைற் வரும். சுவிச்சின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். லைற் வந்தால் சுவிச்தான். மாற்றும்போது ஒயில் கசியும், பிரேக்கில் காற்றும் ஏறக்கூடும், ஆகவே அந்த வேலையைப் பிரேக் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எந்த முனை எர்த்?

1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் இறுக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். இலங்கையில் இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். புத்தகத்தை நம்பாமல் பற்றறியைக் குனிந்து பாருங்கள். இழை பல்ப், சிக்னலைச் சிமிட்ட வைக்கும் பழைய சூட்டுக் கம்பி பிளாஷர், சாதாரண ரிலே, இவற்றுக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். எல்ஈடி பல்ப், எலக்ட்ரோனிக் பிளாஷர், ரேடியோ, போன் சார்ஜர் இவை தலைகீழாக மாட்டினால் எரியாது, அல்லது எரிந்தே போகும்.

எல்ஈடி போடலாமா என்று கேட்பார்கள். பின் பார்க் லைற்றுக்குப் போடலாம், டைனமோவின் சுமை குறையும். சிக்னலுக்குப் போட்டால் பழைய பிளாஷர் சிமிட்டாது, ஏனென்றால் அது இரண்டு 21 வாற் பல்ப் இழுக்கும் ஓட்டத்தில் சூடாகி வேலை செய்வது. பல்ப் ஒன்று போனாலும் அதன் வேகம் மாறுவது இதனால்தான். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்ஈடியை விடச் சிவப்பு எல்ஈடிதான் நல்ல சிவப்பாகத் தெரியும். ஆனால் எர்த் பிழையை மறைக்க எல்ஈடி போடுவது எனக்குப் பிடிக்காது. குறைந்த ஓட்டத்தில் அது எரிந்துவிடும், களிம்பு மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

வயரை வெட்டி ஒட்டும் எந்த வேலைக்கும் முன்னால் பற்றறியின் எர்த் முனையைக் கழற்றி வையுங்கள். பிரவுண் வயருக்குப் பியூஸ் இல்லை என்று சொன்னேனே, அது தகரத்தில் தொட்டால் பற்றறி முழுவதும் அந்த ஒரு வயரில் இறங்கும். மோதிரம், உலோகப் பட்டி மணிக்கூடு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் வயரிங்காரரிடம் போகலாம். போகும்போது “லைற் மங்கல் அண்ணை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த லைற், எதைப் போட்டால் மங்குகிறது, பற்றறியில் எத்தனை வோல்ற், பல்பில் எத்தனை, எர்த் பக்கம் எத்தனை விழுகிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்தபிறகும் “முழு வயரிங்கையும் மாற்றுவோம்” என்று தொடங்கினால் வேறு கராஜ் பார்க்கலாம்.